இரவல் மச்சான்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் எடுத்ததும் பெண் வீட்டுக்கு வர மாட்டார்கள். முதலில் டீக்கடையில் நிற்பார்கள். மாவு விற்கிற வீட்டில் நிற்பார்கள். குடும்பம் எப்படி, அப்பன் குடிப்பானா, கடன் கிடன் உண்டா, போலீஸ் கேஸ் உண்டா என்று மெதுவாகக் கேட்பார்கள். தெருவில் இருப்பவர்களும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். சண்டைக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் யாரும் குறை சொல்வதில்லை.

இது தெரியாமல் அரசாங்கத்து ஆட்கள் இரண்டு பேர் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு வாடகை ஷெட்டில் பீங்கான் சாமான் செய்கிறேன். பொம்மை செய்கிறவர்கள் வேறு ஆட்கள். என்னுடையது கரண்டு சாமான். பியூஸ் கேரியர், ஹீட்டருக்குள் கம்பி சுற்றுகிற பீங்கான், அந்த மாதிரி. ஒரு சிறிய சூளை. வேலைக்கு இரண்டு பெண்கள், நல்லூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார்கள். அவ்வளவுதான் கம்பெனி.

அந்த வருஷம் ஷெட் ஓடவில்லை. பியூஸ் கேரியரைக் கேட்பாரில்லை. ஹீட்டர் சாமானை ஓசூரில் ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் குறைந்துவிட்டது. குஜராத்தில் டைல்ஸ் செய்கிற ஊரில் சூளை பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். தங்குவதற்கு இடமும் தருகிறோம் என்றார்கள். ஒரு ஆளுக்குத்தான் இடம். பொங்கலுக்குள் புது ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் போவது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் சொன்னேன். "போங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தான் கெட்டியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஓசூர் கம்பெனியில் சாமான் வாங்குகிற தம்பி வந்தான். எப்போதும் போனில் பேசுகிறவன், நேரில் வந்தான். ஒரு வரைபடம் கொண்டுவந்தான். என்ன சாமான் என்று இங்கே எழுதக் கூடாது. தாளின் ஒரு மூலை இல்லை.

"மூலைல என்ன தம்பி, எலி கடிச்சிடுச்சா?" என்றேன்.

"கத்திரி கடிச்சுது அண்ணே. எங்ககிட்ட வரும்போதே அப்படித்தான் வந்துச்சு."

அந்த மூலையில்தான் யாருக்கு, எதற்கு என்று எழுதியிருக்கும்.

"யாருக்குத் தம்பி இது?"

"எங்களுக்கு ஒருத்தர் குடுத்தாங்க. அவங்களுக்கு இன்னொருத்தர் குடுத்திருப்பாங்க. அதுக்கு மேல போனா கவர்மெண்டு. அந்தக் கவர்மெண்டுல எங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"நான் ஏதாவது கேக்கலாமா?"

"மண்ணு என்ன, எவ்வளவு சூடுன்னு கேளுங்க. மத்தது கேக்காதீங்க."

முதல் முறை சுட்டது வெடித்தது. அடுத்தது வளைந்தது. அதற்கடுத்தது நேராக வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிப்போகிற மாதிரி அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துப்போனான்.

ரகசிய வேலைக்கு ஆள் எடுப்பதென்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரோ வருவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி யாரும் வரவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து ஷெட்டைப் பார்த்தார்கள். பூட்டு எப்படி, யார் வருவார்கள், யார் போவார்கள் என்று கேட்டார்கள். பின்பக்கம் போனார்கள். உடைந்த சாமான் அங்கேதான் குவிந்து கிடக்கும். வீடு கட்டுகிறவர்கள் தரை நிரப்ப அள்ளிப்போவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

"இனிமே இந்த வேலைல உடையறது வெளிய போகக் கூடாது. எல்லாத்தையும் தூள் பண்ணிடணும்" என்றார்கள்.

வேலை செய்கிற பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "அதான் ஒடஞ்சி போச்சே சார். ஒடஞ்சத மறுபடி எதுக்கு ஒடைக்கறது?"

அவர்கள் பூட்டை இன்னொரு முறை பார்க்கப் போனார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சூளையைப் பார்த்தேன்.

பிறகு ஓசூருக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. தமிழில் சொல்லுங்கள் என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யோசித்துவிட்டு, "யார்கிட்டயும் பேசக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

"அதுக்கு இவ்வளவு பக்கமா சார்?"

"பேசறவங்க அதிகமா இருக்காங்க."

"வூட்டுல?"

"வீட்லயும்தான். ஆர்டர் வந்திருக்குன்னு சொல்லலாம். அதுவும் வந்த பிறகு."

குடும்பத்தைப் பற்றி வேறு கேட்டு எழுதினார்கள். யார் யார் இருக்கிறார்கள், எங்கே வேலை, வெளிநாட்டில் சொந்தம் உண்டா. மனைவி, மகள், நான். மகள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரத்தம் பரிசோதிக்கிற லேப்பில் வேலை. வெளிநாட்டில் யாருமில்லை. சேத்தியாத்தோப்பைத் தாண்டி எங்களுக்குச் சொந்தம் கிடையாது. அப்படியே எழுதச் சொன்னேன்.

திரும்பும்போது ஓசூர் தம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். "இனிமே உங்க தெருவுல வந்து விசாரிப்பாங்க அண்ணே. அது சரியா இருந்தா ஆர்டர். இல்லன்னா வேற ஆளப் பாப்பாங்க."

"எப்ப வருவாங்க?"

"சொல்ல மாட்டாங்க."

"யாரு வருவாங்க?"

"அதுவும் சொல்ல மாட்டாங்க. நீங்க மட்டும் அப்ப வீட்ல இருக்கக் கூடாது. அத அவங்களே பாத்துக்குவாங்க."

சரி என்றேன். எங்கள் தெருவைப் பற்றி எனக்குப் பயமில்லை.

ஒரு நாள் சாயந்திரம் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் மாவக்காவின் செருப்பு கிடந்தது. நான் வண்டியிலிருந்து இறங்காமல் அந்தச் செருப்பையே பார்த்தேன்.

மாவக்கா எங்களுக்கு அடுத்த வீடு. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கிரைண்டர் கழுவுகிற தண்ணீர் எங்கள் வாசல் வழியாகப் போகும். அதில் அவளுக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்து, போன மழைக்கு முந்தின மழையிலிருந்து பேச்சில்லை. எங்கள் வீட்டில் அதன் பிறகு கடை மாவுதான். புளிக்கவே புளிக்காது.

உள்ளே போனேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி வெளியூர் போகிற புடவை கட்டியிருந்தாள்.

"வா தம்பி, ஒக்காரு" என்றாள் மாவக்கா, அவள் வீடு மாதிரி.

"பொண்ணு கேட்டு வந்தாங்களாம்" என்றாள் மனைவி.

"யாரு?"

"ரெண்டு பேரு" என்றாள் மாவக்கா. "ஒருத்தர் பெரியவர், வெள்ளச் சட்ட. பையனுக்கு மாமாவா இருக்கணும். கூட வந்தவன்தான் பையன்."

"பையன்னு சொன்னாங்களா?"

"எந்தப் பையன் சொல்லுவான்? வாயே தொறக்கல. எல்லாம் மாமாதான் கேட்டாரு. அவன் குனிஞ்சிக்கினு செல்லுல என்னமோ எழுதிக்கினே இருந்தான். வெக்கம்."

"என்னா கேட்டாங்க?"

"எல்லாந்தான். எத்தினி வருஷமா இருக்காங்க, சொந்த வூடா, அவரு குடிப்பாரா, வூட்டுக்கு யாரு வராங்க போறாங்க. எந்தக் கட்சின்னு கூடக் கேட்டாரு. இப்ப அதெல்லாம் பாக்கறாங்கப்பா."

எனக்குப் புரிந்துவிட்டது. காப்பி வேண்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டும் என்றேன். 

மகள் வேலை முடிந்து வந்தாள். அவளுக்கும் சொன்னார்கள். "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்மா" என்றாள். கைகால் கழுவிக்கொண்டு வந்து, "பையன் எப்படி இருந்தான் பெரியம்மா?" என்றாள்.

"வேணாங்கற, உனக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"நல்ல ஒசரம். மூக்கும் முழியும் அப்படி ஒரு லட்சணம். இந்தத் தெருவுல அந்த மாதிரி ஒருத்தன் நடந்து நான் பாத்ததில்ல."

மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நான் குஜராத்துக்குப் போனாலும் போவதற்குள் மகளுக்கு ஒரு வழி பிறந்துவிடும் என்று நினைத்தாள். அப்படி அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கிளாஸை எடுக்கவில்லை. என்னைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதண்ணே."

"ஏன்யா?"

"உன்னப் பத்திக் கேட்டாங்க. சிகரெட்டு குடிக்க மாட்டாரு, தண்ணி போட மாட்டாருன்னு சொன்னேன். அப்படியே ஒரு ஓட்டத்துல டீ கூடக் குடிக்க மாட்டாருன்னு சொல்லிட்டேன். மாப்ள வூட்டுக்காரங்க திடீர்னு வந்து நின்னா என் பேரு என்னாவறது?"

அந்த ஆர்டருக்காக நான் விட்டது டீ ஒன்றுதான்.

ஒரு வாரம் போல ஆனது. ஷெட்டில் இருக்கும்போது ஓசூர் தம்பி கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"என்னண்ணே, சிங்கப்பூர்ல மச்சான் இருக்கார்னு நீங்க சொல்லவே இல்லியே."

"யாருக்கு?"

"உங்களுக்கு. மாசா மாசம் அங்கேர்ந்து பணம் வருதாம். நீங்க வெளிநாட்டுல யாருமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒருத்தர் இருந்தாக்கூடத் தப்பில்லண்ணே. மறச்சதுதான் தப்பு. பேப்பரு அங்கேயே நின்னுடுச்சு."

"எனக்கு மச்சானே கெடையாது தம்பி. என் சம்சாரம் அவங்க வூட்டுக்கு ஒரே பொண்ணு."

"போட்டோ பாத்திருக்காங்கண்ணே. கப்பல் பக்கத்துல நிக்கறாராம்."

 கப்பல் என்றதும் யார் என்று தெரிந்துவிட்டது.

"திரும்ப ஒரு தடவ வருவாங்க. சொன்னவங்களே மாத்திச் சொன்னாத்தான் உண்டு. நீங்க போயி இப்படிச் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்துடாதீங்க. அது இதவிட மோசமாப் போயிடும். எதுக்கு வராங்கன்னும் வாயத் தொறந்துடாதீங்க."

போனை வைத்துவிட்டு நேராக மாவக்கா வீட்டுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியும் அங்கே இருந்தாள், உளுந்து கழுவிக்கொண்டு. இரண்டு பேரும் பேச ஆரம்பித்ததிலிருந்து அவள் பாதி நேரம் அங்கேதான்.

"அக்கா, சிங்கப்பூர்ல எனக்கு யாரு இருக்கறா?"

கிரைண்டரை நிறுத்தினாள். "ஏன், என் தம்பி இருக்கான்ல."

"அவன் உங்க தம்பி."

"இவளுக்கும் தம்பி மாதிரிதான். இவ கல்யாணமாயி இந்தத் தெருவுக்கு வந்தப்ப அவன் டவுசர் பையன். எங்க வூட்டுல சாப்ட்டதவிட உங்க வூட்டுல சாப்ட்டதுதான் அதிகம்."

"அவங்ககிட்ட என்னா சொன்னீங்க?"

"இவங்க மச்சான் சிங்கப்பூர்ல இருக்கான், மாசமானா பணம் அனுப்பறான், அடிக்கடி செல்லுல மூஞ்சி பாத்துப் பேசிக்குவாங்கன்னு சொன்னேன். போட்டோவும் காட்டினேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? உன் ஷெட்டு ஓடற ஓட்டம் பெண்ணாடம் வரைக்கும் தெரியும். பொண்ணு பக்கம் சொல்லிக்க ஒரு ஆளு வேணாமா? எனக்கு இருக்கறது ஒரு தம்பி. அவனக் குடுத்தேன். போவுதுன்னு வுடு."

சண்டை போட்டுக்கொண்டு எங்கள் வாசலைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தவள். யாரோ வந்து கேட்டதும் சொந்தத் தம்பியைத் தூக்கி எங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன கேட்பது?

"திரும்ப வந்தாங்கன்னா உள்ளத உள்ளபடி சொல்லுங்கக்கா" என்றேன்.

"உள்ளதச் சொல்லி யாரு கல்யாணம் பண்ணாங்க? உனக்கு இவளப் பாத்தப்ப என்னா சொன்னாங்க? நல்லா சமைப்பான்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"அப்பறம்?"

மனைவி உளுந்திலிருந்து கையை எடுத்தாள். "ஏன்க்கா, என் சமையலுக்கு என்னா?"

"இப்ப ஒண்ணுமில்லடி. அப்பச் சொல்றேன்."

நான் திரும்பவும் அதையே சொன்னேன். உள்ளதைச் சொல்லுங்கள், பொய் வேண்டாம். மாவக்கா முகம் மாறிவிட்டது.  கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "கைக்கு வந்தத ஏங்க கெடுக்கறீங்க? அந்தக்கா எவ்வளவு ஆசையா சொல்லி வச்சிருக்குது. பொண்ணு கல்யாணத்துல உங்களுக்கு அக்கறை இருக்குதா இல்லியா?"

வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.  அவள் எழுந்து போய் என் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். கோபத்தில் மடித்தாள். ஆனாலும் ஒழுங்காகத்தான் மடித்தாள்.

மாவக்கா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியைக் கொடுத்தவள் இன்னும் யாரையாவது சேர்த்துக் கொடுத்தாலும் கொடுப்பாள். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. குஜராத்துக்காரர்கள் ஒரு முறை போன் செய்தார்கள். நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் ஷெட்டில் இருந்தேன். நடந்ததை மகள் சொன்னாள். அவள் மாவு வாங்கப் போயிருக்கிறாள். அந்த இரண்டு பேரும் தெருமுனையில் வருவதை மாவக்கா பார்த்துவிட்டு, "மாப்ள வரான், உள்ள போ" என்று இவளை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி உட்கார வைத்துவிட்டாள். அங்கிருந்து எல்லாம் கேட்டிருக்கிறது, மூட்டை இடுக்கு வழியாகத் தெரிந்தும் இருக்கிறது.

பெரியவர் வந்ததும் பழைய கேள்விகளைத் திரும்பவும் கேட்டிருக்கிறார். மாவக்கா முந்தானையில் கையைத் துடைத்திருக்கிறாள். பிறகு சொன்னாளாம்:

"சார், ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். சிங்கப்பூர்ல இருக்கறவன் என் தம்பி. அவங்களுக்கும் அவனுக்கும் ஒண்ணும் கெடையாது. பணமும் எனக்குத்தான் அனுப்பறான். அதுவும் கேட்டாத்தான் அனுப்புவான்."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட வேற என்னா சார் சொல்லுவாங்க?"

அந்தப் பையன் செல்லிலிருந்து தலையைத் தூக்கினானாம். பெரியவர் பையனைப் பார்த்தாராம். பையன் பெரியவரைப் பார்த்தானாம். 

மகள் இதைச் சொல்லும்போது எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வந்தது. தாங்கள் யார் என்று அவர்களும் சொல்லக் கூடாது. பெண் பார்க்க வரவில்லை என்று சொன்னால், பின் எதற்கு வந்தீர்கள் என்று மாவக்கா கேட்பாள். கேட்டால் விட மாட்டாள்.

"ஆமாம்மா" என்றாராம் பெரியவர். "அதுக்குத்தான் வந்தோம். பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

பிறகு மாவக்காவின் தம்பியிடம் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவள் உடனே செல்லில் கூப்பிட்டுவிட்டாள். தம்பி ஏதோ கட்டடத்து மேல் ஹெல்மெட்டோடு நின்றானாம்.

"டேய், நீ பணம் யாருக்கு அனுப்பற?"

"உனக்குத்தான். ஏன், இன்னும் வரலியா?"

"நம்ம பக்கத்து வூட்டுக்கு ஏதாவது அனுப்பியிருக்கியா?"

"நான் எதுக்கு அவங்களுக்கு அனுப்பறேன்? அவங்களோடதான் உனக்குச் சண்டையாச்சே. யாரு பக்கத்துல?"

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க. வச்சிடு."

பெரியவருக்கு அது போதும் போலிருக்கிறது. ஆனால் மாவக்காவுக்குப் போதவில்லை. பையனைப் பிடித்துக்கொண்டாள். வயது கேட்டாள், வேலை கேட்டாள். கவர்மெண்டு வேலை என்று மட்டும் சொன்னானாம். என்ன நட்சத்திரம் என்றதற்கு முழித்தானாம்.

"திருவோணம்" என்றாராம் பெரியவர்.

மாவக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பொருந்துது" என்றாளாம். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த என் மகளுக்குத் தும்மல் வந்து, அடக்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

இருவரும் காப்பி குடித்தார்கள். எழுந்து போகும்போது பெரியவர், "இந்த மாதிரிப் பக்கத்து வீடு கெடச்சது அவங்க குடுப்பினைம்மா. பொண்ணுக்கு நல்ல எடமா அமையும்" என்றாராம்.

அந்த வாரத்திலேயே ஓசூர் தம்பி கூப்பிட்டான். "சூளையப் பத்த வைங்கண்ணே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அந்த மாவு விக்கறவங்க யாருண்ணே? மேல இருக்கறவங்க சிரிச்சிச் சிரிச்சிப் பேசிக்கிட்டாங்களாம்" என்றான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "குஜராத்துக்குப் போவல" என்றேன்.

"ஏன்?"

"ஆர்டர் வந்திருக்குது."

"யாருக்கு?"

"ஓசூருக்கு."

தலையை ஆட்டினாள். சமையல் கட்டுக்குள் போனாள். ரவை வறுக்கிற வாசனை வந்தது. வெகு நேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை. கேசரி கொண்டுவந்து வைத்தபோது முகம் கழுவியிருந்தாள்.

வேலை ஆரம்பித்தது. அந்த இரண்டு பெண்களும் நல்லதையும் சுட்டார்கள், உடைந்ததை இடித்துத் தூளும் செய்தார்கள். எதற்கென்று கேட்கிற பெண் கடைசி வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பொங்கலுக்கு ஷெட்டிலேயே பொங்கல் வைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து மட்டும் தகவல் இல்லை. எப்படி வரும்?

தை போய் மாசி வந்தது. மாவக்கா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சண்டையில்லை. மாவு மட்டும் வந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவாள். மனைவி போய்க் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். ஒரு நாள் மனைவி என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக்கா சரியா சாப்பிடறதில்லீங்க. தம்பி விஷயத்தச் சொன்னதாலதான் எடம் கெட்டுப்போச்சுன்னு நெனக்குது. நல்ல எடமா அமையும்னு அந்த ஆளு சொன்னப்பவே புரிஞ்சிக்கணும், வரப்போறவன் அப்படிச் சொல்ல மாட்டான்னு சொல்லி அழுவுது."

"நீ என்னா சொன்ன?"

"நான் என்னா சொல்றது? உள்ளதச் சொல்லுங்கன்னு நின்னது நீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். மனைவியும் பின்னால் வந்தாள். மாவக்கா பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எனக்கு முன்னால் அவள் எழுந்து நின்றதேயில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவங்க வேணாம்னு சொல்லல" என்றேன்.

"பின்ன?"

"நான்தான் வேணாம்னுட்டேன்."

"என்னாது?"

"எனக்குப் பையனப் புடிக்கல."

கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள்.  பிறகு ஆரம்பித்தாள்.

"உனக்குக் கண்ணு இருக்குதா? அந்தப் பையனுக்கு என்னாயா கொறச்சல்? கவர்மெண்டு வேலை. திருவோணம். கால் மேல கால் போடாம ஒக்காந்திருந்தான். காப்பி குடிச்ச கிளாஸ அவனே கழுவி வச்சான், தெரியுமா உனக்கு? பீங்கான் சுட்டுச் சுட்டு உன் மண்டையும் பீங்கானாப் பூடுச்சு. போ, என் மூஞ்சில முழிக்காத."

சரிக்கா என்று வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். வேகவேகமாகப் பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பற்றி என் மனைவியிடமே திட்டிவிட்டு, இரண்டு தோசை சாப்பிட்டுப் போனாள்.

மகளுக்கும் விஷயம் தெரிந்தது. ராத்திரி எனக்குச் சோறு போட்டவள், "தேங்க்ஸ்பா" என்றாள். அவளுக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்பதால்தான் நான் மறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். மீன் துண்டு ஒன்று கூடுதலாக வைத்தாள். சாப்பிட்டேன்.

மனைவி மட்டும் கை கழுவும் இடத்தில் சொம்போடு நின்றாள்.

"ஏங்க."

"என்ன?"

"அந்தப் பையன நீங்க எப்பப் பாத்தீங்க? ரெண்டு தடவையும் ஷெட்டுலதான இருந்தீங்க?"

தண்ணீர் ஊற்று என்று கையை நீட்டினேன். ஊற்றினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். சொம்பு காலியாகும் வரை நான் கழுவினேன்.

"சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள். இன்று வரை அவள் அதைத் திரும்பக் கேட்டதில்லை.

அந்த வேலை முடிந்துவிட்டது. கடைசிப் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள். அது எங்கே போனது, எதற்குள் போனது என்று எனக்குத் தெரியாது. ஷெட் இப்போது வேறு ஆர்டரில் ஓடுகிறது. ஓசூர் தம்பியிடம் கேட்டேன், பெண் பார்க்க வந்த கதையை எழுதலாமா என்று. அவன் இரண்டு நாள் கழித்து, "சாமானப் பத்தி எழுதாதீங்க. மத்தது உங்க வீட்டு விஷயம்ணே" என்றான்.

மாவக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் போய் நின்றால் மாவு தீர்ந்துவிட்டது என்கிறாள். பின்னாலேயே மகளை அனுப்பினால் கொடுக்கிறாள். இது அச்சில் வந்தால் மகளை விட்டு அவளுக்குப் படித்துக் காட்டச் சொல்லப்போகிறேன். அந்தப் பையன் மாப்பிள்ளையே இல்லை என்று தெரிந்தால் பேசுவாள் என்று நினைக்கிறேன். பேசாமலும் போகலாம். அவளுக்கு அந்தப் பையனை அவ்வளவு பிடித்திருந்தது.